கடலூர் பின்கோடு ஒரு பகா எண்: கால்குலேட்டரில் நிரூபிக்கும் முழு வழி

கடலூர் மஞ்சக்குப்பத்தில் சாயங்காலம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுக்கிறேன். நோட்டு அட்டையில் முகவரி எழுதிக்கொண்டிருந்த பத்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பேனாவை நிறுத்திவிட்டு, “சார், 607001 பகா எண்ணா?” என்று கேட்டான். ஒற்றைப்படை, 5-இல் முடியவில்லை, இலக்கங்களைக் கூட்டினால் 14. “அப்படித்தான் தெரியுது” என்றேன். “தெரியுதுன்னா எப்படி சார்? நிரூபிக்க முடியுமா?” என்றான். அன்றைக்கு வேறு பாடம் நடக்கவில்லை.

நிரூபிக்க முடியும். கடைகளில் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும் 12 இலக்கக் கால்குலேட்டரும் இரண்டு தாளும் ஒரு மணி நேரப் பொறுமையும் போதும். அதே யோசனையை நீட்டினால் 183 இலக்கப் பகா எண் ஒன்று வரை போகலாம். அந்த எண்ணுக்கும் நம் ஊர் பின்கோடுக்கும் ஒரு தொடர்பும் உண்டு, அதைக் கடைசியில் சொல்கிறேன்.

யோசனை இதுதான். ஓர் எண் பகா எண்ணா என்று தெரிய அந்த எண்ணையே குடைந்துகொண்டிருக்க வேண்டாம், அதன் பக்கத்து வீட்டைப் பாருங்கள். 607001-க்கு முந்தைய எண் 607000, அதாவது 607 × 1000. காரணிகள் இவ்வளவு பளிச்சென்று தெரியும் பக்கத்து வீடு எல்லா எண்ணுக்கும் வாய்க்காது.

பத்தாம் வகுப்பில் வரும் மட்டு எண்கணிதமும், யூக்ளிட் முறையில் மீ.பொ.வ. காண்பதும் தெரிந்திருந்தால் போதும். மற்றதை வழியில் பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: சுலபமாகக் கழிபவற்றைக் கழித்துவிடுங்கள்

2, 3, 5 எல்லாருக்கும் தெரியும். 7, 11, 13 மூன்றையும் ஒரே அடியில் பார்க்க ஒரு வழி உண்டு. 7 × 11 × 13 = 1001 என்பதால், ஆறு இலக்க எண்ணை மூன்று மூன்றாகப் பிரித்து, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் போதும். 607 − 001 = 606. இது 7, 11, 13 எதாலும் வகுபடாது, ஆகவே 607001-உம் வகுபடாது.

சுற்றுவட்டார ஊர்களையும் இப்படியே பார்த்தோம். பண்ருட்டி 607106 இரட்டைப்படை, போயிற்று. புதுச்சேரி 605001-இன் இலக்கக் கூட்டல் 12, சிதம்பரம் 608001-க்கு 15, இரண்டும் 3-ஆல் வகுபடும். விருத்தாசலம் 606001 கொஞ்சம் தாக்குப்பிடித்தது. ஆனால் 606 − 1 = 605, அது 5 × 11 × 11. எனவே 606001 = 11 × 55091. பையன்களுக்கு ஊர்ப் பெருமை தலைக்கேறிவிட்டது.

படி 2: எத்தனை வகுத்தல் தேவை என்று கணக்குப் போடுங்கள்

779-இன் வர்க்கம் 606841, 780-இன் வர்க்கம் 608400. 607001 பகு எண் என்றால் அதன் காரணிகளில் ஒன்றாவது 779-க்குள் இருந்தாக வேண்டும். 779 வரை 137 பகா எண்கள் உள்ளன. 137 வகுத்தல் போட்டு ஒன்றும் மீதியின்றிப் போகவில்லை என்றால் நிரூபணம் முடிந்தது.

இது குறுக்குவழி இல்லைதான், ஆனாலும் ஒரு தடவை செய்து பாருங்கள் என்பேன். நான்கு பிள்ளைகளுக்குப் பிரித்துக் கொடுத்தால் அரை மணி நேர வேலை. ‘கிட்டத்தட்ட’ என்று நம்மை ஏமாற்றும் எண்கள் நிறைய வரும். 191 × 3178 = 606998, மீதி வெறும் 3. 227-க்கும் அதே மீதி 3, ஏனென்றால் 606998 = 2 × 7 × 191 × 227. 541 × 1122 = 607002, ஒன்றே ஒன்றில் தப்பியது. இந்தக் கடைசி வரியை ஓரமாகக் குறித்துவையுங்கள், பின்னால் வேண்டும்.

ஆறு இலக்கத்துக்கு 137 வகுத்தல். 10 இலக்க செல்போன் எண்ணுக்கு ஒரு லட்சம் வரையுள்ள பகா எண்களை எல்லாம் எடுக்க வேண்டும், அவை 9592. இருபது இலக்கத்துக்குப் போனால் ஆயுள் போதாது. அதனால்தான் பக்கத்து வீடு.

படி 3: ஃபெர்மா சோதனை

ஃபெர்மாவின் சிறிய தேற்றம் சொல்வது: ப என்பது 2-ஐ விடப் பெரிய பகா எண் என்றால், 2-இன் (ப − 1)-ஆம் அடுக்கை ப-ஆல் வகுத்தால் மீதி 1. 7-க்கு 2⁶ = 64 = 63 + 1, சரி. 11-க்கு 2¹⁰ = 1024 = 11 × 93 + 1, சரி. 9-க்கு 2⁸ = 256 = 9 × 28 + 4. மீதி 4 வந்துவிட்டது, ஆகவே 9 பகா எண் இல்லை. காரணியைக் கண்டுபிடிக்காமலே ஓர் எண்ணைப் பகு எண் என்று சொல்லிவிட்டோம் என்பதைக் கவனியுங்கள்.

இப்போது 2-இன் 607000-ஆம் அடுக்கு வேண்டும். அது ஒரு லட்சத்து எண்பதாயிரம் இலக்கத்துக்கு மேல் நீளும். அதை முழுசாக யாரும் எழுதப்போவதில்லை, ஒவ்வொரு படியிலும் மீதியை மட்டும் வைத்துக்கொள்வோம்.

அடுக்கைப் பாதி பாதியாகக் குறைத்து எழுதுங்கள். ஒற்றைப்படை வந்தால் ஒன்றைக் கழித்துவிட்டுப் பாதியாக்குங்கள்: 607000, 303500, 151750, 75875, 37937, 18968, 9484, 4742, 2371, 1185, 592, 296, 148, 74, 37, 18. இனி 18-இலிருந்து மேலே ஏற வேண்டும். ஒவ்வொரு படியிலும் கையில் உள்ள மீதியை வர்க்கப்படுத்தி, 607001-ஆல் வகுத்து, புது மீதியை எடுங்கள். போய்ச் சேரும் அடுக்கு ஒற்றைப்படையானால் கூடுதலாக 2-ஆல் பெருக்குங்கள்.

ஒரு படியை மெதுவாகப் பார்ப்போம். 2²⁹⁶-க்கு மீதி 288496 என்று வந்திருக்கிறது, அடுத்து 2⁵⁹² வேண்டும்.

288496 × 288496 = 83229942016.
அதை 607001-ஆல் வகுத்தால் 137116.647… என்று காட்டும். புள்ளிக்கு முன்னால் உள்ளதை மட்டும் எடுங்கள்: 137116.
137116 × 607001 = 83229549116.
83229942016 − 83229549116 = 392900. இதுதான் புது மீதி.

எந்தப் படியிலும் வர்க்கம் 12 இலக்கத்தைத் தாண்டாது, அதனால்தான் 12 இலக்கக் கால்குலேட்டர் கேட்டேன். எட்டு இலக்கக் கருவி கூடாது.

முழு ஏணி இது. இடப்பக்கம் அடுக்கு, வலப்பக்கம் மீதி:

18 → 262144
37 → 573050
74 → 582503
148 → 435016
296 → 288496
592 → 392900
1185 → 80367
2371 → 121097
4742 → 553251
9484 → 344741
18968 → 417289
37937 → 72303
75875 → 462394
151750 → 607000
303500 → 1
607000 → 1

முதல் தடவை நான் போட்டபோது 1185-ஆம் படியில் 2-ஆல் பெருக்க மறந்துவிட்டேன். ஏணியின் உச்சியில் ஏதோ சம்பந்தமில்லாத எண் வந்தது. “அப்போ பகா எண் இல்லையா சார்?” என்று பையன் முகம் வாடிவிட்டது. தப்பைத் தேடிப் பிடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. ஒற்றைப்படை அடுக்குகளைச் சுற்றி வட்டம் போட்டுக்கொண்டு தொடங்கியிருந்தால் இந்தத் தொல்லை இல்லை.

படி 4: 1-க்கு முந்தைய மீதியைப் பாருங்கள்

ஃபெர்மா சோதனையில் தேறியதாலேயே பகா எண் என்று சொல்லிவிடக் கூடாது. 341 = 11 × 31. அதுவும் 2-ஐ வைத்துச் செய்யும் சோதனையில் மீதி 1 தந்து தப்பிவிடும். இன்னும் மோசம், நமக்கெல்லாம் பிடித்த 1729. ராமானுஜன், ஹார்டி, டாக்ஸி கதை எல்லாருக்கும் தெரியும். அந்த எண்ணின் இன்னொரு குணம் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. 1729 = 7 × 13 × 19 பகு எண்தான். ஆனால் 7, 13, 19 ஆகியவற்றால் வகுபடாத எந்த எண்ணை வைத்துச் சோதித்தாலும் ஃபெர்மா சோதனையில் தேறிவிடும். இந்த மாதிரி வேஷக்கார எண்களுக்குக் கார்மைக்கேல் எண்கள் என்று பெயர்.

வேஷத்தைக் கலைக்க ஏணியின் முடிவுக்குச் சற்று முன்னால் பார்க்க வேண்டும். பகா எண்ணுக்கு, வர்க்கம் 1 மீதி தருகிறது என்றால் வர்க்கப்படுத்திய எண் 1 ஆக இருக்கும், அல்லது −1 ஆக இருக்கும், அதாவது அந்தப் பகா எண்ணுக்கு ஒன்று குறைவு. மூன்றாவது வழி கிடையாது. மேலே பாருங்கள்: 1-க்கு முன்னால் 607000. சரியாக ஒன்று குறைவு.

1729-க்கு இதே ஏணியை இறக்குங்கள். 1728-ஐப் பாதியாக்கிக்கொண்டே போனால் 27-இல் நிற்கும். 2²⁷-க்கு மீதி 645, 2⁵⁴-க்கு 1065, 2¹⁰⁸-க்கு 1. முந்தையது 1728 ஆக இருந்திருக்க வேண்டும், 1065 என்று நிற்கிறது. மாட்டிக்கொண்டது. அதோடு விடவில்லை: 1065-இலிருந்து ஒன்றைக் கழித்து 1064-க்கும் 1729-க்கும் மீ.பொ.வ. கண்டால் 133, 1729 ÷ 133 = 13. திருடன் பிடிபட்டதும் அல்லாமல் பொருளையும் எடுத்துக் கொடுத்துவிட்டான்.

இந்தச் சோதனையின் வளர்ந்த வடிவம்தான் மில்லர்–ராபின். வங்கி இணையதளங்களில் ஆர்.எஸ்.ஏ. என்ற மறைகுறியாக்க முறையின் சாவிகளுக்காக முந்நூறு இலக்கப் பகா எண்களைத் தேடும்போது பெரும்பாலும் இதைத்தான் பயன்படுத்துகிறார்கள். வெவ்வேறு எண்களை வைத்துப் பல தடவை சோதித்தால் தப்புக்கான வாய்ப்பு மிக மிகச் சொற்பம். ஆனாலும் அது நிரூபணம் ஆகாது, பையன் கேட்டது நிரூபணம்.

படி 5: நிரூபணம்

ஒட்டுமொத்த வேலையும் இங்கேதான் இருக்கிறது, நிதானமாகப் படியுங்கள்.

2 அல்லாத ஒரு பகா எண் ப-வை எடுத்து, 2, 4, 8, 16 என்று 2-இன் அடுக்குகளை ப-ஆல் வகுத்துக்கொண்டே போனால் எங்கோ ஓரிடத்தில் முதன்முறையாக மீதி 1 வரும். அந்த அடுக்கைச் ‘சுற்று’ என்று வைத்துக்கொள்வோம். 7-க்கு மீதிகள் 2, 4, 1. சுற்று 3. இரண்டு விஷயங்கள் நிச்சயம். மீதி 1 தரும் எந்த அடுக்கும் சுற்றின் மடங்காகவே இருக்கும். ஃபெர்மா சொன்னபடி ப − 1 அடுக்கும் மீதி 1 தருவதால், ப − 1-உம் சுற்றின் மடங்கு.

இப்போது 607001-ஐ வகுக்கும் ஒரு பகா எண் ப இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 2⁶⁰⁷⁰⁰⁰ மீதி 1 தருகிறது என்று ஏணியில் பார்த்தோம். ஆகவே ப-வின் சுற்று 607000-ஐ வகுக்கும், அதாவது 607 × 1000-ஐ. 607 பகா எண் (25-க்குள் உள்ள ஒன்பது பகா எண்களால் வகுத்துப் பார்த்தாலே தெரியும்). எனவே இரண்டே வழிதான்: சுற்றுக்குள் 607 இருக்கிறது, இல்லையென்றால் சுற்று 1000-ஐ வகுக்கிறது.

இரண்டாவது வழியை அடைத்துவிடலாம். சுற்று 1000-ஐ வகுத்தால் 2¹⁰⁰⁰ − 1-ஐ ப வகுக்க வேண்டும். 2¹⁰⁰⁰-க்கு இன்னொரு சின்ன ஏணி:

15 → 32768
31 → 521111
62 → 208947
125 → 603768
250 → 133272
500 → 576724
1000 → 125219

ஒன்றைக் கழித்தால் 125218. ப என்ற எண் 607001, 125218 இரண்டையும் வகுக்க வேண்டும். யூக்ளிட் முறையில் 607001, 125218, 106129, 19089, 10684, 8405, 2279, 1568, 711, 146, 127, 19, 13, 6, 1 என்று இறங்குகிறது. மீ.பொ.வ. 1. வழி அடைபட்டது.

ஆகவே சுற்றுக்குள் 607 இருக்கிறது, அப்படியானால் ப − 1 என்பது 607-இன் மடங்கு. ப-வாக இருக்கக்கூடியவை 608, 1215, 1822 என்று போகும். 608 இரட்டைப்படை. 1215 ஏற்கெனவே 779-ஐத் தாண்டிவிட்டது. 607001 பகு எண்ணாக இருந்திருந்தால் 779-க்குள் ஒரு பகாக் காரணி இருந்தாக வேண்டும். ஒன்றும் இல்லை. 607001 பகா எண்.

137 வகுத்தலுக்குப் பதில் இருபத்தொரு வர்க்கம், ஒரு மீ.பொ.வ. ஆறு இலக்கத்துக்கு இந்த லாபம் சின்னதாகத் தெரியலாம். நூறு இலக்கத்துக்கு இதுதான் முடியும், அது முடியவே முடியாது. பாக்லிங்டன் என்ற ஆங்கிலேயர் 1914-இல் தந்த தேற்றத்தின் எளிய வடிவம் இது.

படி 6: அடுத்த தெருவையும் பாருங்கள்

607001 கடலூர் தலைமை அஞ்சலகம். 607002 திருப்பாப்புலியூர். 607003 ஓ.டி., அதாவது பழைய நகரம். இரண்டு வித்தியாசத்தில் வரும் பகா எண்களை இரட்டைப் பகா எண்கள் என்பார்கள். 607003 எப்படி?

இங்கேதான் ஓரமாகக் குறித்துவைத்த வரி வருகிறது. 607003-இன் பக்கத்து வீடு 607002 = 541 × 1122 = 2 × 3 × 11 × 17 × 541. இந்தத் தடவை 607-இன் இடத்தில் 541. நீங்களே போட்டுப் பார்க்க முடிவுகளை மட்டும் தருகிறேன்: 2³⁰³⁵⁰¹-க்கு மீதி 607002, ஆகவே 2⁶⁰⁷⁰⁰²-க்கு மீதி 1. 2¹¹²²-க்கு மீதி 253267. 253266-க்கும் 607003-க்கும் மீ.பொ.வ. 1. எனவே ஒவ்வொரு பகாக் காரணியும் 541-இன் மடங்கைவிட ஒன்று கூடுதல்: 542 இரட்டைப்படை, 1083 பெரியது. 607003-உம் பகா எண்.

ஆக, என்.டி.யும் (புதிய நகரம், 607001) ஓ.டி.யும் இரட்டையர், நடுவில் திருப்பாப்புலியூர். இதற்கு அஞ்சல் துறையைப் பாராட்ட ஒன்றுமில்லை. 607000-க்குப் பக்கத்தில் சராசரியாக 13 எண்ணுக்கு ஒன்று பகா எண், தற்செயலாக அமைந்திருக்கிறது. நடுவில் நிற்கும் எண் 6-ஆல் வகுபடுவது மட்டும் தற்செயல் இல்லை. 3, 5 என்ற முதல் ஜோடியை விட்டுவிட்டால் எல்லா இரட்டையருக்கும் நடுவில் 6-இன் மடங்குதான்.

இரட்டையர் என்றாலும் குணம் வேறு. 4-ஆல் வகுத்தால் 607001 மீதி 1 தரும், 607003 மீதி 3 தரும். எந்த வர்க்க எண்ணும் 4-ஆல் வகுக்கும்போது மீதி 0 அல்லது 1 தான் தரும், ஆகவே இரண்டு வர்க்கங்களைக் கூட்டி மீதி 3 கொண்டுவர முடியாது. 607003-ஐ இரண்டு வர்க்கங்களின் கூடுதலாக எழுதவே முடியாது. மீதி 1 தரும் பகா எண்ணை ஒரே ஒரு விதமாக எழுத முடியும் என்பது ஃபெர்மா சொன்னது.

அந்த ஒரு விதத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? ஏணியில் ஏற்கெனவே இருக்கிறது. 75875-ஆம் அடுக்கின் மீதி 462394, அதன் வர்க்கம் −1 மீதி தந்தது. 607001 − 462394 = 144607. 607001-ஐயும் 144607-ஐயும் யூக்ளிட் முறையில் இறக்குங்கள். மீதிகள் 28573, 1742, 701, 340. 779-க்குக் கீழே முதலில் வரும் இரண்டையும் எடுத்துக்கொள்ளுங்கள்.

701² = 491401. 340² = 115600. கூட்டிப் பாருங்கள்.

கரும்பலகையில் 607001 என்று வந்தபோது பின்வரிசையில் ஒருத்தி, “இது எப்படி சார் அதுக்குள்ள இருந்துச்சு?” என்று கேட்டாள். அந்த நிமிஷத்துக்காகவே இந்தக் கணக்கைத் திரும்பத் திரும்பப் போடலாம்.

பக்கத்து வீடு சரியில்லை என்றால்

பையன் தன் செல்போன் எண்ணை எடுத்துக்கொண்டு வந்தான். ஒன்று குறைத்து 2-ஆல் வகுத்ததும் கிடைத்த பத்து இலக்க எண் எதாலும் அசையவில்லை. அந்தச் சூழ்நிலையில் அந்தப் பத்து இலக்க எண்ணையே பகா எண் என்று முதலில் நிரூபித்துக்கொண்டு வர வேண்டும், அதற்கு அதன் பக்கத்து வீடு, அப்புறம் அதற்கும் ஒரு பக்கத்து வீடு. சில நேரம் முந்தைய எண் உதவாது, அடுத்த எண் உதவும். எந்தப் பக்கத்து வீட்டையும் நம்பாமல், எந்த எண்ணையும் நியாயமான நேரத்தில் உறுதியாகச் சோதிக்க முடியும் என்று 2002-இல் நிரூபித்தவர்கள் கான்பூர் ஐ.ஐ.டி.யின் மணீந்திர அகர்வாலும் நீரஜ் கயாலும் நிதின் சக்சேனாவும். உலகமே திரும்பிப் பார்த்த வேலை அது. ஆனால் நடைமுறையில் அதைவிட வேகமான வழிகள் இருப்பதால் கணினியில் அதை யாரும் அதிகம் ஓட்டுவதில்லை.

படி 7: 183 இலக்கம்

அடுத்த எண் பக்கத்து வீடாக உதவும் வகைக்கு மெர்சென் எண்கள் நல்ல உதாரணம். 2-இன் அடுக்கிலிருந்து ஒன்றைக் கழித்தவை அவை. 2⁷ − 1 = 127 பகா எண். அடுத்த எண் 128, வெறும் 2-கள். அடுக்கு பகா எண்ணாக இல்லையென்றால் மெர்சென் எண்ணும் பகா எண் ஆகாது. அடுக்கு பகா எண் என்பது மட்டும் போதாது: 2¹¹ − 1 = 2047 = 23 × 89.

இவற்றுக்கு லூக்கா–லேமர் சோதனை. 4-இல் தொடங்குங்கள். வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்து மீதி எடுங்கள், திரும்பத் திரும்ப. அடுக்கைவிட இரண்டு குறைவான தடவை செய்ததும் மீதி 0 வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. நடுவில் சந்தேகத்துக்கு இடமே இல்லாத முழு நிரூபணம் இது.

127-க்கு ஐந்து படி. மீதி எடுப்பதும் சுலபம், 127-ஆல் வகுக்க வேண்டாம். 128 எத்தனை தடவை போகிறது என்று பார்த்து, அந்த எண்ணிக்கையையும் மிச்சத்தையும் கூட்டுங்கள்.

4² − 2 = 14.
14² − 2 = 194 = 1 × 128 + 66, கூட்டினால் 67.
67² − 2 = 4487 = 35 × 128 + 7, கூட்டினால் 42.
42² − 2 = 1762 = 13 × 128 + 98, கூட்டினால் 111.
111² − 2 = 12319 = 96 × 128 + 31, கூட்டினால் 127, அதாவது 0.

கணினிக்கு 128-ஆல் பிரிப்பது என்பது இரும எண்ணை ஓரிடத்தில் வெட்டுவது மட்டுமே. உலகத்தின் மிகப் பெரிய பகா எண்கள் பெரும்பாலும் மெர்சென் எண்களாக இருப்பதன் காரணம் இந்தச் சௌகரியம்தான். மெர்சென் பகா எண்களைப் பலர் தங்கள் கணினிகளால் சேர்ந்து தேடும் கிம்ப்ஸ் திட்டத்தில் லூக் டுரான்ட் கண்டுபிடித்து 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட எண்ணின் அடுக்கு 136279841, இலக்கங்கள் 41024320.

இனி நம் எண். பின்கோடின் முதல் மூன்று இலக்கம் 607. 2⁶⁰⁷ − 1 ஒரு மெர்சென் பகா எண். 183 இலக்கம், 5-இல் தொடங்கி 127-இல் முடியும். 1952 ஜனவரி 30 அன்று ரஃபேல் ராபின்சன் எழுதிய நிரலை ஓட்டி, லாஸ் ஏஞ்சலஸில் இருந்த ஸ்வாக் என்ற கணினி 2⁵²¹ − 1-ஐயும் இதையும் ஒரே நாளில் கண்டுபிடித்தது. அதற்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்பு, 1876-இல், பிரெஞ்சுக் கணித அறிஞர் லூக்கா, கணினி எதுவும் இல்லாமல் 39 இலக்க 2¹²⁷ − 1 பகா எண் என்று காட்டியிருந்தார்.

2⁶⁰⁷ − 1-க்கு எத்தனை படி? இரண்டு குறைக்க வேண்டும், 605. புதுச்சேரிப் பின்கோடு 605-இல் தொடங்குகிறது. மூன்றால் வகுபட்டுப்போன பாண்டிக்கு இப்படி ஓர் ஆறுதல் பரிசு. இதில் எந்த மர்மமும் இல்லை, 607-இல் 2 போனால் 605, அவ்வளவுதான். ஆனாலும் ரெட்டிச்சாவடி வழியாகப் பாண்டி பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு இது ஞாபகம் வந்துவிடுகிறது.

605 படியும் கையால் போட வேண்டாம். பைத்தான் தெரிந்த பிள்ளை யாராவது ஐந்தாறு வரியில் எழுதிவிடும், செல்போனிலேயே ஓடும். ஒவ்வொரு படியிலும் மீதி எடுக்கச் சொல்ல மறந்தால் மட்டும் எண் பெருத்துப் பெருத்துக் கருவி உறைந்து நிற்கும். ஃபெர்மா ஏணிக்கும் இதே எச்சரிக்கை: பைத்தானின் ‘பவ்’ செயல்கூறுக்கு மூன்றாவது எண்ணாக 607001-ஐயும் சேர்த்துக் கொடுங்கள்.

கையால் போட ஆசைப்படுகிறவர்களுக்கு 2¹³ − 1 = 8191 சரியான அளவு. 11 படி, 8192-ஆல் வெட்டிக் கூட்ட வேண்டும், கூட்டியது 8191-ஐத் தாண்டினால் 8191-ஐக் கழித்துவிடுங்கள். மூன்றாவது படியில் 4870 வரும். ஏழாவதில் 36 என்று சின்னதாக வந்தால் பயப்பட வேண்டாம், சரியான பாதைதான். பத்தாவதில் 128. 128² − 2 = 16382, அது 8191-இன் இரண்டு மடங்கு. பையன் இதை வெள்ளிக்கிழமை முடித்துக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான், கால்குலேட்டர் இல்லாமல்.